பைபோலார் அம்மா வழியாகத்தான் வருமா?

கேள்வி இதுதான்: "என் அம்மாவுக்கு 20 வருடமாக பைபோலார். லித்தியம் சாப்பிடுகிறார், இப்போது நன்றாக இருக்கிறார். மாமாவுக்கும், அதாவது அம்மாவின் தம்பிக்கும், பைபோலார் உண்டு. அவருக்கு 34 வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது, காதும் மந்தம், ஆனால் அது வேறு விஷயம். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும் என்றும், பைபோலாரே ஒரு மைட்டோகாண்ட்ரியா நோய் என்றும் படித்தேன். அப்படியென்றால் எனக்கும் தங்கைக்கும் இது வருவது உறுதியா? டெஸ்ட் எடுத்துத் தெரிந்துகொள்ள முடியுமா? கோ-க்யூ10 மாத்திரை போட்டால் தடுக்கலாமா?"

முதலில் பயத்துக்குப் பதில். உறுதி இல்லை. உறுதிக்குப் பக்கத்தில்கூட இல்லை. பைபோலார் என்பது மனம் அளவுக்கு மீறிப் பொங்கும் மேனியாவும், மனச்சோர்வும் வந்து வந்து போகும் நோய். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 5 முதல் 10 வரை. பொதுவாக யாருக்கும் உள்ள வாய்ப்பு 1 முதல் 2. பல மடங்கு கூடுதல்தான், மறுக்கவில்லை. மாமாவுக்கும் இருப்பதால் உங்கள் கணக்கு இன்னும் கொஞ்சம் ஏறலாம். ஆனாலும் வராமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். மனச்சோர்வு வரும் வாய்ப்பும் இந்தக் குடும்பங்களில் சற்று அதிகம், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆனால் அது வேறு விஷயம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு விஷயமாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் படித்ததில் இரண்டு தனித்தனி செய்திகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. மைட்டோகாண்ட்ரியாவுக்குள், அதாவது நம் உயிரணுக்களுக்கு ஆற்றல் செய்து தரும் சின்ன உறுப்புகளுக்குள், இருக்கும் டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து வருகிறது என்பது ஒன்று. இது உண்மை. பைபோலாரில் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை பிசகுகிறது என்பது இன்னொன்று. இதற்கும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. இரண்டையும் கூட்டி, "ஆகவே பைபோலார் அம்மாவிடமிருந்து வருகிறது" என்று முடித்தால்தான் கணக்கு தப்பிவிடுகிறது.

எப்படி என்று பார்ப்போம். மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டி.என்.ஏ. ஒரு சின்ன வளையம். மொத்தம் 16,569 எழுத்துகள். 1981இலேயே கேம்பிரிட்ஜில் முழுவதையும் படித்து முடித்துவிட்டார்கள். அதில் இருப்பவை 37 மரபணுக்கள். அவற்றிலும் புரதம் செய்யக் குறிப்பு தருபவை வெறும் 13தான். மற்றவை அந்த 13ஐச் செய்வதற்கான உதவிச் சாமான்கள். ஆனால் ஒரு மைட்டோகாண்ட்ரியா ஓடுவதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். அந்த 13 போக மற்றவை எல்லாம் உட்கருவில் இருக்கும் குரோமோசோம்களில் எழுதப்பட்டவை, வெளியே தயாராகி உள்ளே வந்து சேருபவை. நூறு பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒரே ஒருவர்தான் அங்கேயே தங்கியிருப்பவர், மீதி 99 பேரும் வெளியிலிருந்து வருகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 99 பேரை அனுப்புவது அம்மாவும் அப்பாவும் சேர்ந்துதான். ஆகவே மைட்டோகாண்ட்ரியா கோளாறு என்ற சொல்லுக்குத் தாய்வழிக் கோளாறு என்று பொருள் இல்லை.

அம்மா வழி என்ற எண்ணம் ஒன்றுமில்லாததிலிருந்து கிளம்பியதும் அல்ல. 1995இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ் மெக்மஹோனும் அவருடைய சகாக்களும் பைபோலார் உள்ள 31 குடும்பங்களின் வரைபடங்களை எடுத்துப் பார்த்தார்கள். இந்த வரைபடத்தில் பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், நோய் உள்ளவருக்குள் மை. எதிர்பார்த்ததைவிட அதிகமாக அம்மாக்களின் வட்டங்கள் கறுத்திருந்தன. தாய்வழி உறவினர்களுக்கும் தந்தைவழி உறவினர்களைவிட நோய் கூடுதலாக இருந்தது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. காரணமாக இருக்கலாமோ என்ற கேள்வி அப்போதுதான் வலுத்தது.

அப்புறம் அதே குழு செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. நோய் தாய்வழியாக மட்டுமே இறங்கிய பெரிய குடும்பங்களாகப் பொறுக்கி எடுத்து, அவற்றிலிருந்து 9 பேரின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை முழுசாக வாசித்து 2000இல் வெளியிட்டார்கள். பதில் எங்காவது கிடைக்கும் என்றால் இங்கேதான் கிடைத்திருக்க வேண்டும். நோயைத் தனியாகவே விளக்கிவிடும்படி ஒரு பிறழ்வும் அகப்படவில்லை. தங்கள் ஊகத்துக்குத் தாங்களே இவ்வளவு கடுமையாகத் தேர்வு வைப்பவர்கள் குறைவு.

அப்படியானால் அந்த வரைபடங்களில் ஏன் அம்மாக்கள் அதிகம்? காரணம் மரபணுவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கடுமையான நோய் உள்ள ஆண்களுக்குத் திருமணமும் பிள்ளைகளும் அமைவது குறைவாக இருந்தால், நோயுள்ள அப்பாக்கள் வரைபடத்துக்குள்ளேயே வரமாட்டார்கள். குடும்ப விவரம் சொல்லும் ஆள் பெரும்பாலும் அம்மா வழி உறவுகளைத்தான் நன்றாக அறிந்திருப்பார். வேறு குழுக்கள் எண்ணிப் பார்த்தபோது எல்லாவற்றிலும் இந்தச் சாய்வு தெரியவும் இல்லை.

மரபணு முழுவதையும் அலசும் பெரிய ஆய்வுகளின் கதை இன்னும் தெளிவு. 2021இல் சுமார் 42,000 நோயாளிகளை வைத்து, டி.என்.ஏ.வில் பைபோலாரோடு தொடர்புள்ள 64 இடங்களைக் கண்டார்கள். 2025இல் வந்த ஆய்வில் நோயாளிகள் 1,58,036 பேர், இடங்கள் 298. எல்லாம் உட்கரு குரோமோசோம்களில். ஒவ்வொன்றும் தருவது தூசு அளவு பங்கு. இவ்வளவு சின்னச் சின்னப் பங்குகள் அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் கலந்து வருவதால்தான் ஒரே வீட்டில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போகிறது. இந்த ஆய்வுகளில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பெரும்பாலும் ஓரமாகத்தான் விடப்படுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதைத் தனியாக ஆராய்ந்த ஆய்வுகள் அளவில் சிறியவை, ஒன்று சொன்னதை மற்றொன்று உறுதிப்படுத்துவது அரிதாகவே இருந்திருக்கிறது.

சரி, அம்மா வழிக் கதை பலவீனம். மைட்டோகாண்ட்ரியாவின் கதை? அது வேறு, அதை நான் அவ்வளவு லேசில் தள்ள மாட்டேன்.

மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. நரம்பணு ஒரு முறை சைகை அனுப்பியதும் உள்ளே புகுந்த சோடியத்தையும் கால்சியத்தையும் வெளியே இறைத்துத் தள்ள வேண்டும். அதற்குத்தான் இந்தச் செலவில் பெரும்பகுதி. மைட்டோகாண்ட்ரியா அங்கே ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைச் செய்வதோடு நிற்பதில்லை, உபரிக் கால்சியத்தைக் கொஞ்ச நேரம் தனக்குள் வாங்கியும் வைத்துக்கொள்கிறது. பைபோலாரில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் மரபணுக்களில் ஒன்று சி.ஏ.சி.என்.ஏ.1.சி. அது கால்சியம் உள்ளே நுழையும் வாசல் ஒன்றைக் கட்டும் மரபணு. வாசலில் பிசகு இருந்தாலும், உள்ளே வாங்கி வைக்கும் இடத்தில் பிசகு இருந்தாலும் பாதிக்கப்படுவது ஒரே கணக்கு என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கோணத்தை விடாமல் பிடித்தவர் ஜப்பானின் தடாஃபுமி கட்டோ. 1990களில் பாஸ்பரஸ் எம்.ஆர்.எஸ். என்ற ஸ்கேனால் நோயாளிகளின் மூளையைப் பார்த்து, ஆற்றலைச் சேமிக்கும் பாஸ்போகிரியாட்டினிலும் அணுக்களுக்குள் உள்ள அமிலத்தன்மையிலும் மாற்றம் தெரிகிறது என்றார். 2000 வாக்கில் மைட்டோகாண்ட்ரியாக் கருதுகோளை முழுமையாக முன்வைத்தார். 2004இல் கிறிஸ்டின் கொன்ராடியின் குழு, பைபோலார் இருந்து இறந்தவர்களின் மூளையில் ஹிப்போகாம்பஸ் பகுதியில் மைட்டோகாண்ட்ரியா தொடர்பான மரபணுக்கள் பல குறைவாக வேலை செய்வதைக் காட்டியது. இதைப் படித்துவிட்டு உற்சாகப்படாதவர்கள் குறைவு. ஆனால் இறக்கும் தறுவாயில் எவ்வளவு நேரம் போராடினார், என்ன மருந்து சாப்பிட்டார் என்பதைப் பொறுத்தே மூளைத் திசுவின் அமிலத்தன்மை மாறும், அது மாறினால் இந்த மரபணுக்களின் அளவும் மாறும். அடுத்த வருடமே கட்டோவின் குழு இந்தச் சிக்கலை விரிவாக எடுத்துப் பேசியது. ஆகவே இறந்த மூளையிலிருந்து வரும் செய்தியை நான் எப்போதும் ஒரு சிட்டிகை குறைத்தே எடுத்துக்கொள்வேன்.

அவர்களுடைய எலிகள்தான் என்னை அசைத்தவை. பி.ஓ.எல்.ஜி. என்றொரு மரபணு உண்டு. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதிக்கான குறிப்பு அது. நரம்பணுக்களில் மட்டும் பிழையான நொதி இருக்கும்படி எலிகளை உருவாக்கினார்கள். வயது ஏற ஏற அவற்றின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் ஓட்டைகள் சேர்ந்தன. ஒவ்வொரு கூண்டிலும் ஓடுவதற்கு ஒரு சக்கரம், அது எத்தனை சுற்று சுற்றியது என்று நாள்தோறும் ஒரு கணினி குறித்துக்கொண்டே இருக்கும். எலியைத் தொடுவதில்லை, பயமுறுத்துவதில்லை, எண்ணுவது மட்டும்தான். மாதக்கணக்கில் எண்ணியபோது, எந்தத் தூண்டுதலும் இல்லாமல் தாமாகவே சில பெண் எலிகள் இரண்டு வாரம் போல ஒடுங்கிப்போய், பிறகு தாமாகவே தேறி வருவது தெரிந்தது. சராசரியாக ஆறு மாதத்துக்கு அரைத் தடவை. 2016இல் வெளியான இந்த ஆய்வில், பிழைகள் அதிகம் குவிந்திருந்த இடம் மூளையின் உட்பகுதியான தலாமஸின் நடுவே இருக்கும் ஒரு சிறு பகுதி என்றும் காட்டினார்கள். லித்தியம் கொடுத்து நிறுத்தியபோது ஒடுக்கம் அடிக்கடி வந்தது. எலிக்கு பைபோலார் என்று நான் சொல்லவில்லை, மேனியா மாதிரி ஒன்று தானாக வந்ததும் இல்லை. ஆனால் வந்து, போய், மறுபடி வரும் இந்தத் தன்மையைக் காட்டும் விலங்கு மாதிரிகள் மிகக் குறைவு.

இதில் ஒரு வேடிக்கை: அந்த பி.ஓ.எல்.ஜி. மரபணு இருப்பது மைட்டோகாண்ட்ரியாவில் இல்லை, 15ஆம் குரோமோசோமில். மனிதர்களில் அது பழுதானால் கண் இமை தொங்குவது, கண் அசைவு குறைவது போன்ற தசைநோய் வரும். அந்தக் குடும்பங்களில் சிலவற்றில் மனச்சோர்வும் பைபோலாரும் சேர்ந்தே ஓடுகின்றன. அதன் சில வடிவங்களில் பழுது அப்பாவிடமிருந்தும் தாராளமாக வரலாம். மைட்டோகாண்ட்ரியாவுக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்புக்கு நம்மிடம் இருக்கும் நல்ல சாட்சிகளில் ஒன்றான இதுவே அம்மா வழி என்ற விதிக்குக் கட்டுப்படவில்லை.

இனி மாமாவின் காதுக்கு வருகிறேன்.

அபூர்வமாக, மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.விலேயே உள்ள பிழையால் வரும் நோய்கள் உண்டு. அதிகம் காணப்படுவது 3243ஆம் எழுத்தில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஜி வந்துவிடுவது. 1990இல் ஜப்பானியக் குழு ஒன்று, இளவயதிலேயே பக்கவாதம் போன்ற தாக்குதல்கள் வரும் மெலாஸ் நோய்க்கு இதுவே காரணம் என்று கண்டது. இரண்டு வருடம் கழித்து அதே பிழை, தாய்வழியாக இறங்கும் சர்க்கரையோடு கூடிய காது மந்தத்துக்கும் காரணம் என்று தெரியவந்தது. ஒரே பிழை ஏன் ஒருவருக்குப் பக்கவாதமாகவும் ஒருவருக்குச் சர்க்கரையாகவும் வருகிறது? ஓர் அணுவுக்குள் இந்த வளையங்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். சில பிழையானவை, மீதி நல்லவை. பிழையானவற்றின் பங்கு ஓர் எல்லையைத் தாண்டினால்தான் அந்தத் திசு தடுமாறும், பெரும்பாலும் அந்த எல்லை 60 சதவீதத்துக்கு மேல். கருமுட்டை உருவாகும் வழியில் இந்த வளையங்களில் ஒரு கை அள்ளியது போலச் சிலதான் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. கையில் எது வந்தது என்பது அதிர்ஷ்டம். அதனால் அக்காவுக்கு 10 சதவீதமும் தம்பிக்கு 70 சதவீதமும் இருப்பது இங்கே சகஜம்.

மைட்டோகாண்ட்ரியா நோய் உள்ள 36 பெரியவர்களை வைத்து 2007இல் வந்த ஒரு ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வு வந்திருந்தது, 17 சதவீதம் பேருக்கு பைபோலார். சின்ன ஆய்வுதான். ஆனாலும் சில சமயம் மனநலக் குறிகள் முதலில் வந்து, உடல்குறிகள் வருடங்கள் கழித்து வருவதும் நடக்கிறது.

உங்கள் மாமாவுக்கு இதுதான் என்று நான் சொல்லவே இல்லை. சர்க்கரை எவ்வளவு பரவலான நோய் என்று உங்களுக்கே தெரியும், தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் 34 வயதில் சர்க்கரை, கூடவே காது மந்தம், அதோடு அக்காவுக்கும் தம்பிக்கும் மனநிலைக் கோளாறு என்று மூன்றும் ஒரே வீட்டில் இருக்கும்போது ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. அவர் ஒல்லியான ஆளா? அம்மாவின் அம்மாவுக்குச் சர்க்கரையும் காது மந்தமும் இருந்ததா? பெரியம்மா, சித்தி, அவர்களுடைய பிள்ளைகளில் யாருக்காவது வலிப்பு, அடிக்கடி ஒற்றைத் தலைவலி, கொஞ்சம் நடந்தாலே தசை ஓய்ந்துபோவது, இமை தொங்குவது, குள்ளமான உருவம், இதயத் தசையில் கோளாறு உண்டா? மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பொறுத்தவரை உங்களோடு ஒரே வளையத்தைப் பகிர்பவர்கள் அவர்கள்தான். மாமாவின் உடலிலும் அதே வளையம் உண்டு, ஆனால் அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது, அவரோடு நின்றுவிடும். தங்கைக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்த வளையம் போகும், தங்கையிடம் பிழை இருந்தால் அதுவும் போகலாம்.

இரண்டு மூன்று "ஆமாம்" வந்தால் நரம்பியல் மருத்துவரையோ மரபியல் ஆலோசகரையோ பாருங்கள். முதலில் சோதிக்க வேண்டியது உங்களை அல்ல, மாமாவை. நோய்க்குறி உள்ளவரிடம் பிழை இல்லை என்றால் மற்றவர்களிடம் தேடுவதில் பொருளில்லை. 3243 பிழையின் அளவு ரத்தத்தில் வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். அதனால் ரத்தத்தில் "இல்லை" என்று வருவதை மட்டும் நம்பாமல், சிறுநீரில் உதிரும் அணுக்களிலும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் தசைத் துணுக்கு.

இதைத் தெரிந்துகொள்வதால் மாத்திரைச் சீட்டும் மாறலாம், அதனால்தான் வற்புறுத்துகிறேன். பைபோலாருக்கு அடிக்கடி எழுதப்படும் வால்ப்ரோயேட், பி.ஓ.எல்.ஜி. பழுது உள்ளவர்களுக்குக் கல்லீரலை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குக் கெடுக்கக்கூடியது. அவர்களுக்கு அது தரக்கூடாது என்று மருந்தின் எச்சரிக்கையிலேயே இருக்கிறது. மற்ற மைட்டோகாண்ட்ரியா நோய்களிலும் தயங்கித்தான் தருவார்கள். சர்க்கரைக்கு உள்ள மெட்ஃபார்மினையும் லாக்டிக் அமிலம் ஏறிவிடும் என்ற பயத்தில் பொதுவாகத் தவிர்ப்பார்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு மாமா தானாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடக் கூடாது. கேள்வியோடு மருத்துவரிடம் போனால் போதும்.

இந்த மாதிரி உடல்குறி எதுவும் இல்லாத குடும்பங்களில், பைபோலார் வருமா என்று அறிய மைட்டோகாண்ட்ரியா டெஸ்ட் எடுப்பதில் பயனில்லை. வீட்டுக்கே பெட்டி அனுப்பி எச்சில் வாங்கும் சோதனைகள் 10398ஆம் எழுத்து போன்ற சிலவற்றைக் காட்டி "அபாயம்" என்று சொல்லக்கூடும். அந்த எழுத்து அணுவுக்குள் கால்சியத்தின் போக்கைக் கொஞ்சம் மாற்றுகிறது என்று 2006இல் ஆய்வகத்தில் காட்டினார்கள், உண்மை. ஆனால் அங்கே ஏ உள்ளவர்களும் ஜி உள்ளவர்களும் உலகத்தில் கோடிக்கணக்கில் நல்லபடியாக வாழ்கிறார்கள்.

கோ-க்யூ10? மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் செய்ய உதவும் பொருள்தான். ஆனால் பைபோலார் வராமல் அது தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே நோய் உள்ளவர்களிடம் அதையும் என்-அசிட்டைல் சிஸ்டீன் என்ற இன்னொரு துணை மாத்திரையையும் சோதித்திருக்கிறார்கள், முடிவுகள் கலவை. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு முறையைப் பற்றியும் இப்போது நிறையப் பேச்சு. இதுவரை வந்தவற்றில் பல சிறிய முன்னோட்ட ஆய்வுகள், ஒப்பிட எதிர்க்குழு இல்லாமல் நடந்தவை. லித்தியம் எடுப்பவர்கள் அதில் விளையாட வேண்டாம். அந்த உணவு முறையின் தொடக்கத்தில் உடல் உப்பையும் நீரையும் இழக்கும், உப்பு குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். அம்மாவிடம் இதை மட்டும் கட்டாயம் சொல்லிவையுங்கள். மேனியாவுக்கு உதவும் என்று 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் கண்ட அந்த லித்தியம் உப்பு மைட்டோகாண்ட்ரியாவுக்கும் நல்லது செய்வதாக ஆய்வகங்களில் காட்டுகிறார்கள். அதனால்தான் அது வேலை செய்கிறதா என்பது தனி விவாதம். உங்கள் அம்மாவுக்கு வேலை செய்கிறது, அது நடக்கட்டும்.

உங்களுக்கும் தங்கைக்கும் என் யோசனை சாதாரணமானது. தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். மேனியாவைத் தூண்டுவதில் தூக்கமின்மைக்கு ஈடு குறைவு. எப்போதாவது மனச்சோர்வு வந்து மருத்துவரிடம் போனால், "அம்மாவுக்கும் மாமாவுக்கும் பைபோலார்" என்பதை முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். மனச்சோர்வு மாத்திரை தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அது மேனியாவில் கொண்டுபோய் விடும், அதை அறிந்தே அவர் எழுதுவார். அதற்கு முன், இந்த வாரமே, மாமாவிடம் பேசும்போது காது எந்த வயதில் மந்தமாகத் தொடங்கியது என்று கேட்டு எழுதி வையுங்கள்.